ஸ்டெபிலைசர் லிங்க்கும் புஷ்ஷும் சேத்து மாத்துன அனுபவம், 14,000 கிமீ ஓட்டிட்டு எழுதுறேன்

என் கார்ல முன்பக்கம் இடது வீல் கிட்ட டொக் டொக்குன்னு ஒரு சத்தம், நல்லா வேகமா போறப்ப வராது, பத்து பதினஞ்சு கிமீ வேகத்துல உருண்டுகிட்டு போறப்ப சின்ன சின்ன குழி, ஒட்டு போட்ட ரோடு, பார்க்கிங்ல ஏறி இறங்குற சரிவு இந்த மாதிரி இடத்துல மட்டும் வரும், பாட்டு போட்டா அமுங்கிடும், ஆஃப் பண்ணா மறுபடியும் கேக்கும். இந்த சத்தத்தோட ஒரு வருஷத்துக்கும் மேல போராடியிருக்கேன். நடுவுல ஒரு தடவ லிங்க் மட்டும் மாத்தி அது ஒன்பதே மாசத்துல போயிடுச்சு, அப்புறம் லிங்க் புஷ் ரெண்டையும் சேத்து வேற செட் வாங்கி நானே மாட்டி இப்ப 14,000 கிமீ ஓடியாச்சு. ரெண்டு செட்டையும் கையில வச்சு பாத்திருக்கறதால விவரமா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க. கம்பெனி பேரு ரெண்டுக்குமே சொல்லப்போறதில்ல, ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு பிராண்ட் கிடைக்கும், அதனால டப்பாவ திறந்ததும் என்னென்ன பாக்கணும்னு சொன்னாதான் எல்லாருக்கும் உபயோகப்படும்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்வே பார், ஸ்டெபிலைசர் பார், ஆன்டி ரோல் பார் எல்லாம் ஒரே சாமான்தான், இடது வீலுக்கும் வலது வீலுக்கும் குறுக்க போற வளைஞ்ச ஸ்பிரிங் ஸ்டீல் ராடு. நடுவுல ரெண்டு இடத்துல ரப்பர் புஷ் வச்சு பிராக்கெட் போட்டு சப்ஃப்ரேம்ல, அதாவது வண்டிக்கு அடியில இருக்கற இரும்பு சட்டத்துல பிடிச்சிருப்பாங்க, ரெண்டு முனையும் லிங்க்னு சொல்ற சின்ன இணைப்பு வழியா ஸ்ட்ரட்டுக்கோ (ஷாக் அப்சார்பர்) லோயர் ஆர்முக்கோ (வீல கீழ பிடிச்சிருக்கற கை) போகும். ரெண்டு வீலும் ஒண்ணா மேல ஏறுனா ராடு புஷ்ஷுக்குள்ள சும்மா உருளும், ஒரு வேலையும் செய்யாது. ஒரு வீல் மட்டும் ஏறுனாலோ வளைவுல வண்டி சாஞ்சாலோதான் ராடு முறுக்கிக்கிட்டு அந்த சாய்வ தடுக்கும். 1919-லயே கனடாக்காரர் ஸ்டீபன் கோல்மன் இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாரு, நூறு வருஷத்துக்கு மேலாச்சு, இன்னிக்கும் அதே ஐடியாதான் ஓடுது. அந்த முறுக்கு முழுசும் எது வழியா போகுதுன்னு யோசிச்சு பாருங்க, விரல் தடிமன்ல இருக்கற ரெண்டு லிங்க், கைப்பிடிக்குள்ள அடங்குற ரெண்டு ரப்பர் துண்டு, அவ்ளோதான். சின்ன சாமான்னு யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா ஒவ்வொரு குழிக்கும் அடி வாங்குறது அதுதான்.

மொதல்ல சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுல நான் பண்ண தப்ப சொல்லிடறேன். ஜாக்கி வச்சு இடது வீல மட்டும் தூக்கி லிங்க்க பிடிச்சு ஆட்டி பாத்தேன், கல்லு மாதிரி நின்னுச்சு, துளி ஆட்டம் இல்ல. அப்போ லிங்க் நல்லாருக்குன்னு முடிவு பண்ணி ஸ்ட்ரட் மவுன்ட்டு, டை ராடு எண்டுன்னு ரெண்டு மாசம் வேற வேற இடத்த தேடிக்கிட்டு இருந்தேன். ஒரு வீல மட்டும் தூக்குனா அந்த வீல் கீழ தொங்கும், இன்னொன்னு தரையில இருக்கும், நடுவுல ராடு முறுக்கிக்கிட்டு லிங்க்க இழுத்து பிடிச்சிருக்கும், அப்போ லிங்க் முனைக்குள்ள இருக்கற பால், அதாவது உருண்டையான இரும்பு குண்டு ஒரு பக்கமா ஒட்டிக்கிட்டு தேய்மானம் தெரியவே தெரியாது. இத எனக்கு சொல்லி குடுத்தது தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தர், "தம்பி, நாலு வீலும் ஒரே சமமா நிக்கணும், அப்பதான் லிங்க் வாய திறக்கும்"னாரு.

அதே மாதிரி ரெண்டு முன் வீலையும் ராம்ப்ல ஏத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் வீலுக்கு கட்டை குடுத்துட்டு, அண்ணன் மேல நின்னு வண்டிய பக்கவாட்டுல மெதுவா ஆட்ட நான் கீழ படுத்து லிங்க்கோட மேல் முனையில ரெண்டு விரல வச்சேன். காதுல கேக்குறதுக்கு முன்னாடி விரல்ல தெரிஞ்சுது, நகத்தால தட்டுனா எப்படி இருக்கும், அந்த மாதிரி சின்னதா டிக், டிக். விரல அங்கேர்ந்து எடுத்து புஷ் பிராக்கெட் மேல வச்சா அங்கயும் ஒண்ணு இருந்துச்சு, ஆனா அது டிக் இல்ல, மந்தமா தப்புன்னு ஒரு அசைவு. அந்த ரெண்டாவது அசைவ அன்னிக்கு நான் பெருசா எடுத்துக்கல. அதுதான் ஒன்பது மாசம் கழிச்சு என்ன மறுபடியும் கீழ படுக்க வச்சுது.

கையில பிடிபடலன்னா இன்னொரு வழி இருக்கு, ரெண்டு பக்க லிங்க்கையும் கழட்டிட்டு ராடு எதுலயும் இடிக்காத மாதிரி கம்பியால கட்டிட்டு, அதே குண்டும் குழியுமான தெருவுல ரொம்ப மெதுவா ஒரு சுத்து போய் பாக்கறது. சத்தம் நின்னுடுச்சுன்னா கோளாறு லிங்க், புஷ் ரெண்டுல ஒண்ணுலதான், நிக்கலன்னா வேற எங்கயோ. ஆனா லிங்க் இல்லாம வண்டி வளைவுல நல்லா சாயும், அதனால இத ஆளில்லாத தெருவுல சோதனைக்கு மட்டும் பண்ணுங்க, அப்படியே மெயின் ரோட்டுக்கு எடுத்துட்டு போயிடாதீங்க.

சரி, மொதல் செட். அது லிங்க் மட்டும், ஜோடியா ஒரு பிளாஸ்டிக் கவர்ல வந்துச்சு. பாக்க பளபளன்னு கருப்பு பெயின்ட், தூக்குனா கனமாதான் இருந்துச்சு. மாட்டுன அன்னிக்கே சத்தம் முக்கால்வாசி போச்சு, எனக்கு ரொம்ப சந்தோஷம். மிச்சம் கால்வாசி அடங்கிடும்னு நெனச்சேன். ஆறாவது மாசம் மழைக்காலம் வந்துச்சு, எட்டாவது மாசம் பழையபடி டொக் டொக், ஒன்பதாவது மாசம் மொதல்ல இருந்தத விட மோசம். கழட்டி மேஜை மேல பழைய பேப்பர் விரிச்சு வச்சு பாத்தேன். டஸ்ட் கவர்னு சொல்ற ரப்பர் உறை பாலுக்கு மேல குடை மாதிரி மூடியிருக்கும்ல, அதோட கழுத்துல இறுக்கி பிடிக்கிற கம்பி வளையமே இல்ல, ரப்பர் சும்மா போல்ட்ட தொட்டுகிட்டு உக்காந்திருந்துச்சு. கட்டை விரலால அந்த ரப்பர அமுக்குனேன், ஓரமா டீ கலர்ல தண்ணி வந்துச்சு, பின்னாடியே நறநறன்னு மணல். கிரீஸ்னு ஒரு சொட்டு கூட இல்ல. போல்ட்ட பிடிச்சு சுத்துனா தொட்டிக்குள்ள கோலிகுண்டு உருள்ற மாதிரி லொட லொடன்னு எல்லா பக்கமும் சாயுது. ஸ்டீல்ல குறையே இல்ல, லிங்க்கோட தண்டு நல்ல தடிமன்தான். ரப்பர் உறை சரியில்லாததால தண்ணி பூந்து, கிரீஸ கழுவி, பால தின்னுடுச்சு. அன்னிலேர்ந்து லிங்க் வாங்குனா நான் மொதல்ல பாக்குறது அந்த உறையதான்.

அதே சமயத்துல புஷ்ஷையும் ஒழுங்கா பாத்தேன். பிராக்கெட்ட கழட்டி ரப்பர எடுத்தா டி வடிவத்துல இருக்கற அந்த துண்டோட ஓட்டை வட்டமா இல்ல, முட்டை மாதிரி நீண்டு போயிருந்துச்சு. ராடுல அந்த ரப்பர் உக்காந்திருந்த இடம் மட்டும் பாலிஷ் போட்ட மாதிரி மின்னுது, அதுக்கு ரெண்டு பக்கமும் துரு. அந்த மினுமினுப்பே போதும், ராடு ரப்பருக்குள்ள பிடிமானம் இல்லாம தேச்சுகிட்டு கிடந்திருக்குன்னு சொல்ல. இப்ப கணக்கு போட்டு பாருங்க, புஷ் தளர்ந்தா ராடு ஒவ்வொரு குழியிலயும் கொஞ்சம் எம்பி அடிக்கும், அந்த அடி நேரா லிங்க்கோட பாலுக்கு போகும். நான் புது லிங்க்க போட்டு பழைய புஷ்ஷ விட்டதால புது லிங்க் நாள் பூரா சுத்தியல் அடி வாங்கியிருக்கு. மோசமான லிங்க்தான், மறுக்கல, ஆனா அது சீக்கிரம் சாக நானும் ஒரு காரணம். அதனாலதான் தலைப்புலயே சேத்து மாத்துனதுன்னு போட்டேன்.

ரெண்டாவது செட்டுக்கு வரேன், இதுதான் நான் ரிவியூ பண்ண வந்த சாமான். டப்பாவுல ரெண்டு லிங்க், ரெண்டு புஷ், நாலு புது லாக் நட்டு. லிங்க்க கையில எடுத்ததும் போல்ட்ட விரலால சாய்க்க பாத்தேன், சுலபத்துல அசையல, ரெண்டு கையும் போட்டு அழுத்துனாதான் ஒரே சீரா, வழவழன்னு நகருது, விட்ட இடத்துல நிக்குது. நல்ல பால் ஜாயின்ட்டுக்கு இதுதான் அடையாளம், புதுசுலயே தொங்குனா அத அப்படியே திருப்பி குடுத்துடுங்க. உறையோட மேலயும் கீழயும் ரெண்டு கம்பி வளையம் இறுக்கமா உக்காந்திருக்கு, ரப்பர நசுக்கி பாத்தா மெத்துன்னு அமுங்கி சட்டுன்னு எழும்புது, உள்ள கிரீஸ் இருக்கறது விரலுக்கே தெரியுது. லிங்க்கோட தண்டுல பெயின்ட் இல்ல, சாம்பல் கலர்ல ஏதோ கோட்டிங், கல்லு பட்டு உரியுற மாதிரி இல்ல. போல்ட் முனையில ஆலன் கீ போற அறுகோண பள்ளம் நல்லா ஆழமா வெட்டியிருக்காங்க, மொதல் செட்டுல அது ரொம்ப மேலோட்டமா இருந்து ஒண்ணு மழுங்கியே போச்சு.

சில லிங்க்குல கிரீஸ் நிப்பிள் வச்சிருப்பாங்க, இதுல இல்ல. ஒரு பக்கம் குறைதான்னு தோணும், ஆனா நிப்பிள் இருந்தா நாமதான் ஞாபகமா கிரீஸ் அடிக்கணும், அதிகமா அடிச்சா உறை கிழிஞ்சிடும். ஒழுங்கா மூடுன லிங்க் எனக்கு போதும். அதே மாதிரி கம்பெனிலேர்ந்து வர்ற லிங்க் சிலது நடுவுல பிளாஸ்டிக்கா இருக்கும், அத பாத்து சீப்புன்னு தூக்கி போடாதீங்க, எடை கம்மி, துரு பிடிக்காது, பால் நல்லா இருக்கற வரைக்கும் ஸ்டீலுக்கு குறைஞ்சது இல்ல.

புஷ் விஷயத்துலதான் நெறைய பேரு ஏமாறுறாங்க. ஒரே மாடல் வண்டியிலயே என்ஜினுக்கு ஏத்த மாதிரி, வேரியன்ட்டுக்கு ஏத்த மாதிரி ராடோட தடிமன் மாறும், 22 மிமீ இருக்கும், 23 இருக்கும், 24 இருக்கும். கண்ணால பாத்தா ஒண்ணு போலதான் தெரியும், ஆனா ராடோட விறைப்பு விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும், 22-லேர்ந்து 24 ஆனா கிட்டத்தட்ட 40 சதவீதம் விறைப்பு கூடிடும், அதனால கம்பெனிக்காரங்க ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் ஒரு மிமீ கூட்டி குறைச்சு வைக்கிறாங்க. நமக்கு அதுல என்னன்னா, ஒரு மிமீ பெரிய ஓட்டை உள்ள புஷ்ஷ போட்டா புதுசுலேர்ந்தே டொக் டொக் தொடங்கிடும், மாட்டுன அன்னிக்கே "பார்ட் சரியில்ல"ன்னு திட்டுவோம். நான் ராட எமரி பேப்பர் போட்டு துரு தேச்சுட்டு வெர்னியர்ல அளந்தேன், 23. டப்பா மேல இருக்கற பார்ட் நம்பருக்கு என்ன சைஸ்னு கேட்டு உறுதி பண்ணிட்டுதான் வாங்குனேன். துருவோட அளந்தீங்கன்னா அரை மிமீ கூட காட்டும், அதையும் பாத்துக்கோங்க.

மாட்டுறது. மொத நாள் ராத்திரியே எல்லா நட்டுக்கும் ஒயர் பிரஷ் போட்டு மரையில இருக்கற அழுக்க எடுத்து, துரு இளக்குற ஆயில அடிச்சு விட்டேன், காலையில இன்னொரு தடவ அடிச்சேன். போல்ட் முனையில இருக்கற ஆலன் கீ பள்ளத்துல மண்ணு கெட்டியா அடைஞ்சிருக்கும், அத ஊசி வச்சு நோண்டி அடி வரைக்கும் சுத்தம் பண்ணாம ஆலன் கீய விட்டா பாதிதான் உள்ள போகும், ஒரே திருகுல மழுங்கிடும், மழுங்குனா அதுக்கப்புறம் நட்டு திரும்ப திரும்ப போல்ட்டும் கூடவே சுத்திக்கிட்டே இருக்கும். எனக்கு வலது பக்கம் கீழ் நட்டு அப்படி ஆச்சு, பழைய லிங்க் தானேன்னு டஸ்ட் கவர கிழிச்சு எடுத்துட்டு பின்னாடி கழுத்த லாக்கிங் பிளேயர்ல பிடிச்சு கழட்டுனேன். அதுவும் வரலன்னா கிரைண்டர்ல அறுக்கறதுதான் வழி, ஆனா அங்க பக்கத்துலயே பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் ஒயர் ரெண்டும் போகும், ஈரத் துணியால மூடிட்டு அறுங்க, நெருப்பு வச்சு சூடாக்குற வேலை அங்க வேணவே வேணாம்.

ரெண்டு முன் வீலையும் ஒண்ணா தூக்கி ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு குடுத்துதான் வேலைய ஆரம்பிச்சேன். ஜாக்கி மேல மட்டும் நிக்கிற வண்டிக்கு கீழ தலைய விடாதீங்க, இது நான் கெஞ்சி கேக்குறது. ரெண்டு வீலும் தொங்குறப்ப ராடுல முறுக்கு இருக்காது, பழைய லிங்க் கையாலயே வெளிய வரும், புதுசு ஓட்டைக்கு நேரா போய் உக்காரும். ஒரு பக்கம் மட்டும் தூக்கி பண்றவங்க ராட கடப்பாரை போட்டு இழுத்து லிங்க்க திணிப்பாங்க, அப்பவே புது உறை கிழிய வாய்ப்பு இருக்கு. கொஞ்சம் இடம் கூடி குறைஞ்சு இருந்தா இன்னொரு சின்ன ஜாக்கிய லோயர் ஆர்முக்கு அடியில வச்சு ஒரு விரக்கடை தூக்குனா போதும், ஓட்டை நேரா வந்துடும்.

இன்னொன்னு, எங்கயும் யாரும் சொல்லாத ஒரு சின்ன வேலை, லிங்க் உக்கார்ற ஓட்டைய சுத்தி இருக்கற இரும்ப சுத்தம் பண்றது. என் வண்டியில அங்க துரு தகடு தகடா படிஞ்சிருந்துச்சு. அது மேலயே லிங்க்கோட தட்டையான முகத்த வச்சு இறுக்குனா அன்னிக்கு டைட்டா இருக்கும், ஓட ஓட அந்த துரு பொடிஞ்சு விழும், அந்த அளவுக்கு இடைவெளி வந்து நட்டு தளர்ந்துடும். ஒயர் பிரஷ்ஷும் எமரியும் போட்டு இரும்பு தெரியுற வரைக்கும் தேச்சேன், ஒரு ஓட்டைக்கு அஞ்சு நிமிஷம்.

புஷ் மாத்துறதுக்குதான் முதுகு ஒடிஞ்சுது. லிங்க் நாலு நட்டும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது, புஷ் பிராக்கெட்டு நாலு போல்ட்டுக்கு ரெண்டரை மணி நேரம். ஸ்டியரிங் ரேக்குக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கு, கண்ணுக்கு தெரியாது, கை மட்டும்தான் போகும், நீள எக்ஸ்டென்ஷனும் மடங்குற ஜாயின்ட்டும் இல்லன்னா சாக்கெட் ஏறவே ஏறாது. என் வண்டியில அதுக்கு வழி இருந்துச்சு. நெறைய வண்டியில சப்ஃப்ரேம இறக்குனாதான் அந்த போல்ட்டே தெரியும், அப்படி இருந்தா வீட்ல ட்ரை பண்ணாம ஒர்க்‌ஷாப்ல குடுத்துடறது நல்லது, சப்ஃப்ரேம இறக்குனா வீல் அலைன்மென்ட்டும் பாக்க வேண்டியிருக்கும். லிங்க்கும் புஷ்ஷும் மட்டும் மாத்துனா அலைன்மென்ட் தேவையில்ல, அது வீலோட கோணத்த தொடவே தொடாது, "கண்டிப்பா பண்ணணும்"னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க.

புது புஷ்ல ஒரு பக்கம் வெட்டு இருக்கும், அத விரிச்சு ராடு மேல ஏத்தணும். வெட்டு எந்த பக்கம் பாத்து இருக்கணும்னு வண்டிக்கு வண்டி மாறும், அதனால பழசு கழட்டுறதுக்கு முன்னாடியே போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தேன், அதே மாதிரி போட்டேன். ராடுல புஷ்ஷுக்கு பக்கத்துல ஒரு வளையம் மாதிரி தடிப்பு இருக்கும், ராடு பக்கவாட்டுல நகராம இருக்கத்தான் அது, புஷ் அதுக்கு சரியான பக்கத்துல ஒட்டி உக்காரணும். ரப்பர் ஏற மாட்டேங்குதுன்னு கையில கிடைச்ச கிரீஸையோ என்ஜின் ஆயிலையோ தடவிடாதீங்க, பெட்ரோலியம் சாமான் பட்டா ரப்பர் ஊதி மெத்து மெத்துன்னு ஆயிடும். நான் சோப்பு தண்ணி தொட்டு ஏத்துனேன், காஞ்சதும் பிடிச்சுக்கிச்சு. சிலிகான் கிரீஸ் தடவலாம், ஆனா சில கம்பெனி புஷ் காஞ்ச நிலையிலதான் போடணும்னு மேனுவல்லயே இருக்கும், அத மொதல்ல பாத்துடுங்க.

எல்லாத்தையும் கையில முடுக்கி விட்டுட்டு வீல மாட்டி வண்டிய ராம்ப்ல ஏத்துனேன், அதாவது வண்டியோட பாரம் முழுசும் வீல் மேல வந்த பிறகுதான் கடைசி முறுக்கு குடுத்தேன். தொங்குற நிலையில பிராக்கெட்ட இறுக்குனா ரப்பர் அந்த கோணத்துலயே பிடிபட்டு, வண்டி இறங்குனதும் எப்பவும் திருகுன மாதிரியே நிக்கும், சீக்கிரம் வெடிப்பு விடும். டார்க் ரென்ச், அதாவது எவ்ளோ முறுக்கு குடுக்கறோம்னு காட்டுற ஸ்பேனர் வச்சு என் வண்டி மேனுவல்ல போட்டிருக்கற 50 நியூட்டன் மீட்டருக்கு லிங்க் நட்ட முடுக்குனேன், உங்க வண்டிக்கு வேற அளவு இருக்கும், என்னோடத காப்பி பண்ணாதீங்க. இம்பாக்ட் கன் வச்சு புது லிங்க்க இறுக்கறத நெறைய இடத்துல பாத்திருக்கேன், மனசு வலிக்கும், போல்ட்டு உள்ள பாலோட சேந்து விர்ருன்னு சுத்தும், புதுசுலயே உள்ள பால் உக்கார்ற குழி தேஞ்சிடும். பழைய லாக் நட்டையும் திரும்ப போடாதீங்க, உள்ள இருக்கற பிளாஸ்டிக் வளையத்தோட பிடி ஒரு தடவைக்குதான்.

இப்ப ரிசல்ட். தெரு முனையில ஒரு வேகத்தடை இருக்கு, அதுல ஒரு வீல் முன்னாடி ஒரு வீல் பின்னாடின்னு குறுக்கால ஏத்துனா கண்டிப்பா டொக்குனு கேக்கும், அதுதான் என்னோட சோதனைச் சாலை. கண்ணாடிய இறக்கி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மெதுவா ஏத்துனேன். டயர் சத்தம் மட்டும்தான். திரும்பி வந்து மறுபக்கம் ஏத்துனேன், அதே. வளைவுலயும் வித்தியாசம் தெரியுது, முன்னாடி ஸ்டியரிங் திருப்புனா வண்டி ஒரு நொடி யோசிச்சு அப்புறம் சாயும், இப்ப திருப்புன உடனே பிடிச்சுக்குது. வண்டியோட சஸ்பென்ஷன் கல்லு மாதிரி ஆகல, சொகுசு அப்படியே இருக்கு.

100 கிமீ ஓடுன பிறகு எல்லா நட்டையும் ஒரு தடவ ரென்ச் வச்சு பாத்தேன், ஒரு பிராக்கெட் போல்ட் மட்டும் கொஞ்சம் இடம் குடுத்துச்சு, மத்ததெல்லாம் அசையல. அதுக்கப்புறம் ரெண்டு மழைக்காலம் தாண்டியாச்சு, போன வாரம் 14,000 கிமீல மறுபடியும் கீழ படுத்து பாத்தேன். உறை நாலும் முழுசா இருக்கு, கம்பி வளையத்துல லேசா துரு, அமுக்குனா தண்ணி வரல. லிங்க்ல விரல் வச்சு ஆட்ட சொன்னேன், டிக் இல்ல. புஷ் ஓரத்துல முடி மாதிரி மேலோட்டமா ரெண்டு கோடு, ஓட்டை வட்டமாவே இருக்கு.

குறைன்னு பாத்தா சொல்ல வேண்டியது இருக்கு. டப்பாவுல டார்க் எவ்ளோன்னு ஒரு துண்டு சீட்டு கூட இல்ல, இந்த சாமான வீட்ல மாட்டுறவங்களும் வாங்குறாங்க, ஒரு சீட்டு அச்சடிக்கிறதுல என்ன கஷ்டம். பழைய நட்டு 15 ஸ்பேனர், புது நட்டு 17, அதையாவது மேல எழுதியிருந்தா நடுவுல சாமான் தேடி எந்திரிச்சிருக்க மாட்டேன். புஷ் மொத ரெண்டு வாரம் காலையில குளிர்ல வண்டி எடுக்கறப்ப கீச்சுன்னு முனகுச்சு, தானாவே போச்சு, ஆனா அந்த ரெண்டு வாரம் வயித்துல புளிய கரைச்சுது. பிராக்கெட் செட்டோட வராது, பழசு துரு பிடிச்சு மெலிஞ்சிருந்தா தனியா வாங்கணும், இத வாங்குறதுக்கு முன்னாடியே எட்டிப் பாத்துடுங்க.

ரப்பருக்கு பதிலா அத விட கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போடலாமான்னு கேக்குறவங்களுக்கு, ஃபிரண்டு வண்டியில போட்டு ரெண்டு மாசம் கூடவே சுத்தியிருக்கேன். வளைவுல கெட்டியா நிக்குது, சந்தேகமே இல்ல. ஆனா ரோட்டுல இருக்கற ஒவ்வொரு சின்ன அதிர்வும் உள்ள வருது, கூட குடுத்த சிலிகான் கிரீஸ் காஞ்சா பழைய கதவு மாதிரி கிறீச்சிடுது, மறுபடி கழட்டி தடவணும். எங்க வண்டியில எனக்கு ரெண்டரை மணி நேரம் எடுத்த பிராக்கெட்ட வருஷா வருஷம் கழட்ட நான் தயாரா இல்ல, தினசரி ஓட்டுற வண்டிக்கு ரப்பரே நல்லது. இன்னொரு விஷயம், சில வண்டியில புஷ் ராடோட ஒட்டியே வரும், தனியா கிடைக்காது, ராடோட சேத்துதான் மாத்தணும். அத தெரியாம வெட்டி எடுத்துட்டு பொதுவான புஷ்ஷ போட்டா ராடு பக்கவாட்டுல நகர ஆரம்பிச்சுடும்.

மதிப்பெண் குடுக்கணும்னா அஞ்சுக்கு நாலரை, அந்த சீட்டு இல்லாததுக்குதான் அரை குறைச்சேன். பின்பக்க லிங்க்ல இடது பக்கம் உறை லேசா வெடிச்சிருக்கறத போன வாரம் பாத்தேன், இன்னும் ஆட்டம் வரல. இதே கம்பெனில பின்பக்க செட்டும் வருது, ரெண்டு பக்கமும் புஷ்ஷோட சேத்தே எடுத்து வச்சிருக்கேன், வர்ற லீவுல மாட்டிட்டு அதுக்கும் எத்தனை மிமீ, எத்தனை ஸ்பேனர்னு இங்கயே கீழ சேத்து எழுதறேன்.